ஏழு மணிச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள்

எடைமேடைக்காரரின் மகளைச் சாப்பிட வைப்பதற்காக யார் வருவார்கள் என்று சொன்னாலும் அவர்கள் வந்துவிடுவார்கள். முதலில் வந்தவர் போக்குவரத்துக் காவலர். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது, உருளைக்கிழங்கு விலை சற்று இறங்கியிருந்தது, கிழமை செவ்வாய். மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, இரண்டரை வயதுப் பிள்ளை உதட்டைத் தைத்துவிட்டதுபோல மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. முக்கால் மணி நேரம் கரண்டியும் கையுமாக நின்ற அப்பா, எல்லா அப்பாக்களும் சொல்வதைத்தான் சொன்னார்: "சாப்பிடலைன்னா போலீஸ்காரர் வந்து பிடிச்சுட்டுப் போயிடுவார்." பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டது. கதவு தட்டப்பட்டது. நான்கு தெரு தள்ளியிருந்த சந்திப்பில் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்த காவலர், வாயில் விசிலும் தூக்கிய வலது கையுமாக வாசலில் நின்றார். எப்படி வந்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. வருவார் என்ற பாதி பலித்ததே தவிர, பிடித்துக்கொண்டு போவார் என்ற பாதி பலிக்கவில்லை. அவர் பிள்ளையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என்ன சமையல் என்று விசாரித்தார். அவருக்கும் ஒரு தட்டு வைக்கப்பட்டது. பிள்ளை தொடாத தட்டை அப்பா கடைசியில் எடுத்துக் கழுவியபோது காவலர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. சந்திப்பில் காவலர் தூக்கிய கையோடு மறுபடி நின்றார். அதுவரை அங்கே காத்திருந்த வண்டிகளின் வரிசை பாலம்வரை நீண்டிருந்தது.

எடைமேடைக்காரர் ஊர் எல்லையில் லாரிகளை நிறுத்துபவர். சிமென்ட், இரும்பு, கரும்பு, சாணிவரட்டி, எது வந்தாலும் மேடையில் ஏற்றி, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு சீட்டில்கூட ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதியவர் இல்லை என்பது லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் சிலருக்கு அவரைப் பிடிக்காது. ஒருமுறை மகளை அந்த மேடையின் நடுவில் நிறுத்திப் பார்த்தார். இருபது கிலோவுக்குக் குறைந்த எதுவும் அந்த மேடைக்குத் தெரியாது. சிவப்பு எழுத்தில் பூஜ்யம் விழுந்தது. அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை என்று பக்கத்தில் நின்ற ஓட்டுநர் சொன்னார். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். தெரு வைத்த பெயர் கால்வாய். ஒரு வாய் என்பதில் கால் வாய்தான் வாங்குவாள், அதிலும் பாதியைத் துப்பிவிடுவாள்.

அவள் அப்படி ஆனது அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு. அம்மா மருந்துக் கிடங்கில் பெட்டிகளை அடுக்கி வைக்கும் வேலையில் இருந்தார். மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கும்போது ஏணி சறுக்கி, முதுகில் இரண்டு எலும்பும் இடுப்பில் ஒன்றும் முறிந்தன. ஆற்றுக்கு அப்பால் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில், தொண்ணூறு நாள் மல்லாந்தபடியே கிடக்கவேண்டும் என்றார்கள். அதற்கு முன் ஒருநாள் எழுந்து நின்றாலும் அப்புறம் ஆயுசுக்கும் நிற்க முடியாது என்றார் எலும்பு டாக்டர். அந்த வார்டுக்குள் குழந்தைகளை விடுவதில்லை. பாப்பா பகலில் காப்பகத்தில் அரை டம்ளர் பால் குடிப்பாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் செருப்பு வைக்கும் இடத்தை ஒருமுறை பார்ப்பாள். அம்மாவின் செருப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு வாயை மூடிக்கொள்வாள்.

காவலர் வந்த கதை பரவியதும், எடைமேடைக்காரரின் அக்கா பெட்டியோடு வந்து சேர்ந்தார். பாப்பாவுக்கு அத்தை. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அவர் இதோ வருகிறது என்று அறிவித்த பேருந்துகளில் பாதி சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. பயணிகளின் வசவு முழுவதும் அந்தக் குரலின் மேல்தான் விழுந்திருந்தது. அப்படிப்பட்டவருக்கு, சொன்னது சொன்ன நிமிடத்தில் வந்து நிற்கும் ஒரு வீடு கிடைத்தால் என்ன ஆகும்? முதல் வாரம் அவர் ஊசி போடும் நர்ஸைச் சொன்னார். நர்ஸ் ஒரு கையில் பஞ்சும் மறு கையில் வேறொரு பிள்ளையின் சட்டைக் கையுமாக வந்தார். சட்டை மட்டும்தான் வந்திருந்தது, பிள்ளை ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிட்டது. அடுத்து, ரயில் வருது, குகையைத் திற என்றார். தண்டவாளம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். இருந்தும் நாற்பத்திரண்டு பெட்டிகள் கொண்ட சரக்கு ரயில் ஒன்று மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே தெருவுக்குள் நுழைந்து, இரண்டாவது மாடிச் சன்னலுக்குக் கீழே நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, இது எந்த ஸ்டேஷன் என்று கேட்டார். பாப்பா ரயிலை முழுவதும் எண்ணிப் பார்ப்பவள்போல வெகுநேரம் பார்த்துவிட்டு, கால் வாய் வாங்கிக்கொண்டாள். கொடியில் காய்ந்த துணிகள் ஒரு மாதம்வரை இரும்பு வாசனை அடித்தன.

பூச்சாண்டியும் வந்தார். அவர் எப்படி இருப்பார் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. ஆறரை அடி உயரம், தோளில் கோணி, கூச்ச சுபாவம். நிலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, உட்காரச் சொன்னபிறகுதான் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பாப்பா தன் தட்டிலிருந்த அவித்த முட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். தன்னைக் காட்டிச் சாப்பிட வைத்த வீடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு, தனக்குச் சாப்பிடக் கொடுத்த வீடு இது ஒன்றுதான் என்று அவர் மெதுவாகச் சொன்னார். அத்தை எழுந்து போய் அவருக்கு இன்னொரு முட்டை அவித்துக் கொடுத்தார். ஆனால் இத்தனை பேர் வந்தும், தட்டில் சாப்பாடு குறையவில்லை. வந்தவர்கள்தான் வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள்.

வந்தவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. தட்டைக் கழுவியதும் அவர்கள் இருந்த இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். கழுவும்வரை அந்தச் சொல்லுக்கு உயிர் இருக்கும். வருகிறவர் எந்த நிலையில் இருந்தாலும் வந்தே தீருவார் என்பது தையல்காரர் விஷயத்தில் தெரிந்தது. மேல்வீட்டுத் தையல்காரருக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். அதை மறந்து அத்தை ஒருநாள், வாயைத் திறக்காவிட்டால் தையல்காரர் வந்து ஒரேயடியாகத் தைத்துவிடுவார் என்று சொல்லிவிட்டார். மேலே கட்டில் கிரீச்சிட்டது. இருபத்தொரு படிகளையும் அந்த மனிதர் கட்டுப்போட்ட காலால் சாதாரணமாக மிதித்து இறங்கி வந்தார். வலி தெரியவில்லை என்று ஆச்சரியமாகச் சொன்னார். தட்டைக் கழுவிய நொடியில் மேல்வீட்டிலிருந்து அலறல் கேட்டது. எலும்பு விலகியிருந்தது. மறுபடி கட்டு, மறுபடி இரண்டு மாதம். அத்தை பழம் வாங்கிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டார். தையல்காரர் மனைவி, "நீங்க வேணும்னா சொன்னீங்க? நாக்கு சும்மா இருக்குமா" என்று சொல்லிப் பழத்தை வாங்கிக்கொண்டார்.

அன்றே எடைமேடைக்காரர் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். யாரிடமும் அதிகம் பேசாத மனிதர். எல்லோரிடமும் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்: பாப்பாவின் காதில் விழும்படி, சாப்பாட்டு நேரத்தில், அவள் அம்மாவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லக்கூடாது. போனால் போகிறது என்று ஒரு வார்த்தை நல்லதாகக்கூடச் சொல்லக்கூடாது. எல்லோருக்கும் புரிந்தது. ஏழு மணி ஆனால் அந்த மாடிப்படியில் ஏறுகிறவர்கள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஏறினார்கள். சலவைக்கடைக்காரர் தன் வானொலியையும் அணைத்துவைத்தார், பாட்டில் அம்மா என்று வந்துவிட்டால் வம்பு. தன் பிள்ளையை ஒரு சொல்லில் சாப்பிட வைத்துவிடலாம் என்று தெரிந்தும், அந்தச் சொல்லை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு அம்மா படுத்த எழுபதாவது நாள்வரை விழுங்கியவர் எடைமேடைக்காரர். மற்ற அப்பாக்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

எழுபத்தொன்றாவது நாள், குழந்தை டாக்டர் பாப்பாவை நிறுத்துப் பார்த்து, எட்டு கிலோ அறுநூறு என்றார். எட்டரைக்குக் கீழே போனால் சேர்த்துக்கொண்டு மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டியிருக்கும். இரண்டு நாளாகப் பாலும் இறங்கவில்லை. எடைமேடைக்காரர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தார். ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல இருந்தது என்று பின்னாளில் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அத்தை உருளைக்கிழங்கை வேகவைத்து, வெண்ணெய் போட்டு, மஞ்சள் கருவைச் சேர்த்து வழவழவென்று மசித்து வைத்திருந்தார். பாப்பா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். வாய் மூடியிருந்தது. அப்பா கரண்டியைப் பிடித்துக்கொண்டு எதுவும் சொல்லாமல் எதிரே உட்கார்ந்திருந்தார். அரை மணி ஆயிற்று. அத்தையால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே பிள்ளையின் தாடையைத் தொட்டு, வாயிலிருந்து என்ன வருகிறதென்று அறியாமலே சொன்னார்.

"சாப்பிடுடி தங்கம். நீ சாப்பிட்டாதானே அம்மா வருவா."

சொன்னபிறகுதான் கையால் வாயைப் பொத்தினார். பாப்பா நிமிர்ந்தாள். வாயை அகலமாகத் திறந்தாள். உள்ளே பதினாறு பற்கள் இருந்தது அப்பாவுக்கே அன்றுதான் தெரிந்தது. எழுபத்தொரு நாள் எந்த வாய்க்காகத் தவம் கிடந்தாரோ அந்த வாய் கரண்டிக்கு ஒரு சாண் தூரத்தில் திறந்திருந்தது. அவர் கரண்டியைப் பின்னுக்கு இழுத்தார். தட்டையும் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். பிள்ளை கையை நீட்டி, "குடு, குடு" என்று அழ ஆரம்பித்தது. மேல்வீட்டில், எதிர்வீட்டில், கீழே சலவைக்கடையில் எல்லோருக்கும் கேட்டது. அந்தப் பிள்ளை சாப்பாடு கேட்டு அழுததை அவர்கள் அதுவரை கேட்டதில்லை. என்ன நடந்தது என்று தெரியாமலே சிலர் சந்தோஷப்பட்டார்கள்.

தட்டோடு அவர் தொட்டியின் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். கழுவிவிட்டால் சொல் செத்துவிடும், அம்மா தப்பிப்பார். ஆனால் பிள்ளையின் வாய் இனி எப்போது திறக்கும்? திரும்பி நாற்காலியின் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். இப்படி அவர் மூன்று முறை நடந்ததை அத்தை சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் தட்டைத் தரையில் வைத்தார். பிள்ளையை இறக்கித் தன் எதிரே உட்கார்த்தினார். லாரிக்காரர்களிடம் எண்ணைப் படித்துச் சொல்லும் அதே குரலில் பேசினார்.

"பாப்பா, அம்மா விழுந்துட்டாங்கல்ல?"

"உம்."

"முதுகுல எலும்பு உடைஞ்சிருக்கு. இப்ப ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் படுத்தே இருக்கணும். நீ இதைச் சாப்பிட்டா அம்மா இப்பவே எழுந்து வந்துடுவாங்க. வந்தா மறுபடி உடைஞ்சிடும், ரொம்ப வலிக்கும். நீ சாப்பிடலைன்னா உனக்கு உடம்புக்கு ஆகாது. அப்பாவுக்கு என்ன பண்றதுன்னு தெரியலம்மா."

"தம்பி, சின்னப் பிள்ளைகிட்ட என்னடா இதெல்லாம்" என்றார் அத்தை.

"வேற யார்கிட்டக்கா சொல்றது?" என்றார் அவர்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாப்பா அழுகையை நிறுத்தினாள். வாயை மூடினாள். கதவைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள், மறுபடியும் கதவைப் பார்த்தாள். இரண்டரை வயதுக்கு யோசனை என்று ஒன்று உண்டா என்று கேட்பவர்கள் அன்று அவள் நெற்றியைப் பார்த்திருக்கவேண்டும் என்பார் அத்தை. நடுநெற்றியில் இரண்டு கோடு விழுந்திருந்தது.

"அம்மா படுத்துக்கட்டும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பசிக்குது" என்றாள்.

ஒருவர் சொன்ன சொல்லை அந்தப் பிள்ளையே ரத்து செய்யலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. யாரும் அவளைக் கேட்டதும் இல்லை. அப்பா கரண்டியில் மசியலை எடுத்தார். பாப்பாவே அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கரண்டியைத் தன் பக்கம் இழுத்தாள். முதல் வாய் உள்ளே போனதும் பெரியவர்கள் இருவரும் கதவைப் பார்த்தார்கள். யாரும் தட்டவில்லை. அத்தை எழுந்து போய்த் தாழ்ப்பாளின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். ஒவ்வொரு வாய்க்கும் மூன்று பேரும் கதவைப் பார்த்தார்கள். பதினோராவது வாயோடு பாப்பா போதும் என்று சொல்லி, அப்பாவின் மடியில் சாய்ந்து, வாயோரத்தில் ஒட்டிய மசியலோடு தூங்கிப்போனாள்.

ஆற்றுக்கு அப்பால் நடந்தது வார்டு நர்ஸின் குறிப்பேட்டில் இருக்கிறது. ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு ஒன்பதாம் எண் கட்டிலில் இருந்த பெண் பட்டைகளைத் தானே அவிழ்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். காலைத் தொங்கவிட்டு, கட்டைவிரலால் தரையில் செருப்பைத் தேடினார். நர்ஸ் ஓடிவந்து தோளைப் பிடித்து, எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்டார். "வீட்டுல கூப்பிடறாங்க" என்றார் அந்தப் பெண், வலியே இல்லாத முகத்தோடு. ஆயாக்கள் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தும் அவரைப் படுக்கவைக்க முடியவில்லை. ஒரு செருப்பு மாட்டியாகிவிட்டது. மற்றதைத் தேடும்போது சட்டென்று நிறுத்தினார். தொலைவில் யாரோ பேசுவதைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்தார். "வேணாமாம்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, தானே காலைத் தூக்கி வைத்து மல்லாந்து படுத்துக்கொண்டார். மறுநாள் எடுத்த படத்தில் எலும்புகள் இருந்த இடத்தில் இருந்தன. எலும்பு டாக்டர் நர்ஸின் குறிப்பைப் படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அப்பா லாரிகளைப் பற்றிச் சொன்னார், இன்று இரும்பு வந்தது, டயர் வெடித்தது என்று. அத்தை எந்தப் பேருந்து எத்தனை நிமிடம் தாமதம் என்று சொன்னார். பாப்பா கேட்டுக்கொண்டே கொஞ்சம் சாப்பிட்டாள். சில நாள் ஆறு வாய், சில நாள் ஒன்றும் இல்லை. குழாய் போடவேண்டி வரவில்லை. தொண்ணூற்று நான்காவது நாள் ஆஸ்பத்திரி வண்டியில் அம்மா வந்தார். ஊன்றுகோல் வைத்து இரண்டு மாடி ஏற இருபது நிமிடம் பிடித்தது, தெருவே படிக்கட்டில் ஒதுங்கி நின்றது. பாப்பா மேலே நின்று ஒவ்வொரு படிக்கும் "மெதுவா, மெதுவா" என்று சொன்னாள்.

அன்று மாலை அம்மா ஊட்டினால் தட்டு காலியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாப்பா இரண்டாவது வாய்க்கே தலையைத் திருப்பிக்கொண்டாள். அத்தை பெருமூச்சு விட்டார். அம்மா மட்டும் வருத்தப்படவில்லை. மூன்று மாதம் மல்லாந்து கிடந்து அடுத்தவர் கையால் சாப்பிட்டவர் அவர். முதல் வாயை விழுங்குவதற்குள் அடுத்த கரண்டி உதட்டில் வந்து இடிக்கும், வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் அதற்குள் ஊட்டிவிடுவார்கள், கெட்ட எண்ணம் இல்லை, அவர்களுக்கு இன்னும் இருபது கட்டில் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கரண்டியைப் பாப்பாவின் கையில் கொடுத்துவிட்டுத் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். பாதி தரையில் விழுந்தது, கொஞ்சம் காதில் அப்பியது, மிச்சம் உள்ளே போனது. அத்தை துடைக்க எழுந்தார். எடைமேடைக்காரர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அத்தை அடுத்த மாதம் தன் வீட்டுக்குத் திரும்பினார். இப்போது ஒலிபெருக்கியில், வந்தால் வரும் என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்கிறார், வசவு குறைந்திருக்கிறது. பாப்பா வளர்ந்து பள்ளிக்குப் போனாள். இன்றும் வகுப்பில் கடைசியாகச் சாப்பாட்டு டப்பாவை மூடுபவள் அவள்தான். அவளுக்கு ஆறு வயதானபோது அம்மாவுக்கு ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு ஒன்றரை வயதானதும் அவனும் உதட்டை மூடிக்கொண்டான், அது அந்தக் குடும்பத்து வாகு. அந்த வீட்டுச் சொல்லுக்கு இன்னும் பலம் இருக்கிறதா என்று பெரியவர்கள் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பாப்பா ஒரு மாலை பள்ளி விட்டு வரும் வழியில், பூங்கா வாசலில் நிற்கும் ஐஸ்வண்டிக்காரரிடம் போய் நின்றாள். ஏழு மணிக்கு அவருக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். கால்வலி, முதுகுவலி ஏதாவது உண்டா என்று கேட்டாள். அதுவும் இல்லை என்றார். அப்படியென்றால் தம்பியிடம் உங்கள் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டாள். அந்தத் தெருவில் ஐஸ் விற்கிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டு, உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"வண்டியோட வரணுமா, நான் மட்டும் வந்தாப் போதுமா?" என்று கேட்டார்.